டீசலிலிருந்து கேஸுக்கு: பர்னரை மாற்றும் முன் அறையைப் பாருங்கள்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு நடந்துபோகும் தொலைவில் சொந்த வீடு உள்ள 56 வயது வாசகி ஒருவர், வீட்டின் வெந்நீர் அமைப்பை டீசலிலிருந்து கேஸுக்கு மாற்றுவது குறித்து விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். அவரும் மாமியாரும் மகனும் கீழ்த்தளத்தில் வசிக்கிறார்கள். மேலே இரண்டு தளங்களில் உள்ள 10 அறைகளை, மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் பக்கங்களிலிருந்து சிகிச்சைக்கு வந்து வாரக்கணக்கில் தங்கும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். காலஞ்சென்ற கணவர் 2009-இல் மாடிப்படிக்குக் கீழே உள்ள சிறிய அறையில் டீசல் பர்னருடன் கூடிய 1,000 லிட்டர் வெந்நீர்த் தொட்டியை அமைத்தார். விடியற்காலை நான்கு மணிக்கு மூட்டினால் ஆறு மணிக்குள் தண்ணீர் 60 டிகிரி செல்சியஸுக்குக் காய்ந்துவிடும். இதற்கு நாளொன்றுக்கு 7 லிட்டர் டீசல் ஆகிறது. டீசல் அதே அறையில் இரண்டு பேரல்களில் இருக்கிறது.

ஓராண்டாகக் கரி அதிகமாகிவிட்டது. பக்கத்து வீட்டார், காயப்போட்ட துணியில் கரி விழுகிறது என்று இருமுறை சண்டைக்கு வந்து, அடுத்து புகார்தான் என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் ஒருவர், 1,35,000 ரூபாய் கொடுத்தால் பழைய தொட்டியிலேயே பர்னரை மட்டும் கழற்றி கேஸ் பர்னர் பொருத்தி, அதே அறையில் நான்கு சிலிண்டர்களை வரிசையாக இணைத்துத் தருவதாகவும், ஒரே மணி நேரத்தில் தண்ணீர் காய்ந்துவிடும் என்றும், செலவு பாதியாகக் குறைந்து ஒரே வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்றும் சொல்கிறார். அதற்கு வீட்டுச் சிலிண்டரே போதும், இந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்பது அவருடைய வாதம். இது வேண்டாமென்றால் ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு கேஸ் கீசர் வைத்துவிடலாம் என்கிறார். நியூஜெர்சியில் இருக்கும் கொழுந்தனார், "எங்கள் வீட்டில் எண்ணெயிலிருந்து கேஸுக்கு இரண்டே நாளில் மாற்றிவிட்டார்கள், யோசிக்காதீர்கள்" என்கிறார். மகன் சோலார் போடலாம் என்கிறார். சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் வந்த பிறகு அறைகள் முன்போல் நிறைவதில்லை என்பதால் பெரிய தொகை போட வாசகிக்குத் தயக்கம். கேஸ் சுத்தமானது, ஆகவே ஆபத்தும் குறைவுதானே, உரிமம் எதுவும் வேண்டுமா, குழாய் வழி கேஸ் வரும்வரை காத்திருக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

இனி என் பதில்.

அம்மா, வணக்கம். தொட்டியின் அளவு, டீசல் கணக்கு, சிலிண்டர் விலை என்று எல்லாவற்றையும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இந்த ஊரிலும் ராணிப்பேட்டையிலும் பாய்லர் வேலையோடு நெடுங்காலம் பழகிய ஒரு பொறியாளனால் நேரில் பார்க்காமலேயே இவ்வளவு சொல்ல முடிகிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி, நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்று. மாமியார் அறை ஜன்னல் வழியாகக் கரி வருகிறது என்பதால், பாய்லர் அறையின் சந்துப் பக்கச் சுவரில் காற்று வர இருந்த துளைத்தடுப்பை, அதாவது ஜாலியை, போன வருடம் பிளைவுட் பலகை வைத்து ஆணியடித்து மூடிவிட்டதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்தவுடன், வேறு எதைச் செய்வதற்கும் முன்பாக, அந்தப் பலகையைக் கழற்றிவிடுங்கள்.

காரணம் இதுதான். 1 லிட்டர் டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்று வேண்டும். நீங்கள் தந்த அளவின்படி அந்த அறையின் மொத்தக் கொள்ளளவே 6 கன மீட்டர்தான். ஒரு காலைக்கு 7 லிட்டர் எரிக்கிறீர்கள் என்றால், அந்த அறை நிறையக் காற்று பன்னிரண்டு தடவை உள்ளே வந்து வெளியே போக வேண்டும். ஜாலியை மூடிய பிறகு தகரக் கதவின் இடுக்குகள் மட்டுமே மிச்சம். காற்று போதாமல் எரியும் டீசல் கரியைத்தான் கக்கும். நீங்கள் கரிக்குப் பயந்து ஜாலியை மூடினீர்கள், மூடியதால் கரி கூடியது, கூடிய கரி பக்கத்து மாடிக்குப் போய்விட்டது. ஓராண்டாகத்தான் அதிகம் என்று நீங்கள் எழுதியிருப்பதும், போன வருடம் ஜாலியை மூடியதும் தற்செயலாகப் பொருந்தியவை என்று நான் நினைக்கவில்லை.

பலகையை எடுத்த பிறகும், பர்னரில் எரிபொருளைப் பீச்சும் நாசிலையும் தொட்டியின் புகைக் குழாய்களையும் ஒரு மெக்கானிக் சுத்தம் செய்து, காற்றின் அளவைச் சரிசெய்து தரும்வரை, பாய்லர் எரியும் நேரத்தில் உங்கள் மாமியாரை முன்னறையில் படுக்க வையுங்கள். அவர் அறைக்கும் பாய்லருக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருக்கிறது. கரி வருகிற இடத்தில் கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமோ மணமோ இல்லை.

கேஸ் சுத்தமானது, ஆகவே ஆபத்து குறைவு என்ற உங்கள் எண்ணத்தை இங்கேதான் திருத்த வேண்டியிருக்கிறது. சரியான காற்றும் சரியான புகைபோக்கியும் இருந்தால் கேஸ் சுத்தமாக எரியும் என்பது உண்மை. அவை இல்லாவிட்டால் கேஸும் கார்பன் மோனாக்சைடைத்தான் தரும், ஆனால் டீசலைப் போலக் கரியைக் காட்டி எச்சரிக்காது. இன்று பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள் என்றால், பர்னர் சரியில்லை என்று உங்களுக்கு யாரோ சொல்கிறார்கள் என்று பொருள். அதே அடைத்த அறையில் கேஸ் பர்னரை வைத்தால் துணியில் கரி விழாது, சண்டையும் வராது, ஆனால் கோளாறு அப்படியே உள்ளே இருக்கும். 1 கிலோ எல்பிஜி எரிய ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்று வேண்டும் என்பதால், எரிபொருளை மாற்றுவதால் காற்றுத் தேவை தீர்ந்துவிடாது.

உங்கள் வீட்டில் இது மற்ற வீடுகளைவிடக் கவலைக்குரியது. கார்பன் மோனாக்சைடு இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு தலைசுற்றல், குமட்டல், அசதி. சாதாரண வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் யாராவது சந்தேகப்படுவார்கள். உங்கள் மேல்மாடியில் தங்கியிருப்பவர்களோ புற்றுநோய்க்கும் சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் வைத்தியம் பார்க்க வந்தவர்கள். அவர்களுக்குக் குமட்டினால் மருந்தின் விளைவு என்றும், அசதியாக இருந்தால் நோயின் களைப்பு என்றும் எண்ணிப் படுத்துவிடுவார்கள். அவர்களாக வந்து உங்களிடம் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே எந்த எரிபொருளை வைத்தாலும், பாய்லர் அறையை ஒட்டிய அறையிலும் படிக்கட்டுக் கூடத்திலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். அதன் உணரி சில ஆண்டுகளில் செயலிழந்துவிடும். காலாவதி ஆண்டு கருவியின் பின்புறம் அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

பாதி மிச்சம் என்ற கணக்கு

உங்கள் எண்களையே வைத்துப் பார்ப்போம். 1,000 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 33,000 கிலோ கலோரி வெப்பம் போதும். நீங்கள் எரிக்கும் 7 லிட்டர் டீசலில் ஏறத்தாழ 59,500 கிலோ கலோரி இருக்கிறது. அதாவது நூற்றுக்கு 55 பங்குதான் தண்ணீருக்குப் போகிறது. மிச்சம் கரி படிந்த குழாய்கள் வழியாகப் புகைபோக்கிக்கும், போர்வையில்லாத தொட்டி வழியாக அறைக்கும் போய்விடுகிறது. நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு தொட்டியின் உட்புறம் படிந்திருந்தால் வெப்பம் ஏறுவது இன்னும் சிரமம். நல்ல நிலையில் உள்ள ஒரு தொட்டி நூற்றுக்கு 80 பங்கைத் தண்ணீருக்குக் கொடுக்க வேண்டும்.

நீங்கள் குறிப்பிட்ட 93 ரூபாய் விலையில் இன்றைய செலவு நாளொன்றுக்கு 651 ரூபாய். தொட்டியைச் சுத்தம் செய்து, சூடு வெளியேறாமல் தடுக்கும் கிளாஸ் வூல் சுற்றி, பர்னரைச் சரிசெய்தால் அதே வெந்நீருக்கு ஐந்து லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆகும். செலவு ஏறத்தாழ 450 ரூபாய். அதே நல்ல நிலையில் கேஸுக்கு மாறினால் 3.75 கிலோ எல்பிஜி வேண்டும். 19 கிலோ வணிகச் சிலிண்டர் 1,900 ரூபாய் என்ற உங்கள் கணக்கில் அது 375 ரூபாய். ஆக, குறையக்கூடிய 276 ரூபாயில் 200 ரூபாய் பராமரிப்பால் குறைவது, எரிபொருளை மாற்றுவதால் குறைவது 75 ரூபாய்தான். 1,35,000 ரூபாயை 75 ரூபாயில் வகுத்துப் பார்த்தால் ஒரு வருடத்தில் திரும்பாது, ஐந்து வருடம் ஆகும்.

அப்படியென்றால் ஒப்பந்தக்காரரின் "பாதி" எங்கிருந்து வந்தது? இப்போதுள்ள அழுக்குத் தொட்டியையே வைத்துக்கொண்டு, நீங்கள் எழுதிய 870 ரூபாய் விலையுள்ள 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரால் ஓட்டினால் நாளொன்றுக்கு 330 ரூபாய் வரும். அவருடைய மிச்சம் முழுவதும் வீட்டுச் சிலிண்டரின் குறைந்த விலையில் இருக்கிறது. அந்த விலையைப் பயன்படுத்த உங்களுக்கு உரிமை இல்லை.

எந்தச் சிலிண்டர், எங்கே

உங்கள் குடும்பச் சமையலுக்கு வாங்கிய 14.2 கிலோ சிலிண்டரை வாடகை அறைகளின் வெந்நீருக்குப் பயன்படுத்துவது, அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் கீழ் 2000-இல் பிறப்பிக்கப்பட்ட எல்பிஜி விநியோக ஒழுங்குமுறை ஆணைக்கு முரணானது. சிலிண்டர்களைப் பறிமுதல் செய்யலாம், வழக்கும் தொடரலாம். அதைவிட நான் அஞ்சுவது வேறு. ஏதேனும் விபத்து நேர்ந்தால், சிலிண்டர் தவறான இடத்தில் இருந்தது என்ற ஒரே காரணத்தால் இழப்பீட்டுக் கோரிக்கை சிக்கிக்கொள்ளும். தெருவில் மற்றவர்கள் செய்கிறார்கள் என்பது அந்த நாளில் உங்களுக்கு உதவாது.

உரிமத்தைப் பொறுத்தவரை உங்களுக்குச் சாதகமாகவே விதி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு கேஸ் சிலிண்டர் விதிகளின்படி மொத்தம் 100 கிலோ வரை எல்பிஜி வைத்திருக்கத் தனி உரிமம் வேண்டாம். 19 கிலோ சிலிண்டர் ஐந்து என்றால் 95 கிலோ. நிறைந்தவையும் பாதியானவையும் சேர்த்து அந்த எல்லைக்குள் இருங்கள். இப்போதுள்ள டீசலுக்கும் அந்த அளவில் உரிமம் தேவைப்படாது. தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழேயே காய்ச்சும் அமைப்பு என்பதால் பாய்லர் சட்டத்தின் பதிவும் பொருந்தாது. ஆனால் தொட்டியின் உச்சியிலிருந்து மேலே போகும் திறந்த ஆவிக் குழாயில் யாரும், எந்தக் காரணத்துக்காகவும், வால்வு வைக்கக் கூடாது. உரிமம் வேண்டாம் என்பதற்கு விதி வேண்டாம் என்று பொருளில்லை. சிலிண்டர்களை இணைத்து ஓட்டும் அமைப்புக்கு ஐஎஸ் 6044 என்ற தரநிலை உண்டு. அதை அறிந்த, எண்ணெய் நிறுவன விநியோகஸ்தர் ஒப்புக்கொள்ளும் ஆளைக் கொண்டுதான் வேலை செய்யுங்கள். விடுதிக்கு நீங்கள் வாங்கியிருக்கும் உரிமத்திலும் தீயணைப்புத் துறைச் சான்றிலும் டீசல் என்று எழுதியிருந்தால் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும்.

மாடிப்படிக்குக் கீழே சிலிண்டர் வைப்பதற்கு மட்டும் நான் எந்த நிபந்தனையோடும் சம்மதிக்க மாட்டேன். எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலையாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும். உங்கள் அறை தெருவைவிட இரண்டு படி தாழ்வு என்றும், மூலையில் கழிவுநீர்த் துவாரம் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் படிக்கட்டு ஒன்றுதான் மேலிருந்து இறங்க வழி. அறுவைச் சிகிச்சைத் தையலோடும் ஊன்றுகோலோடும் இருப்பவர்கள் நெருப்பைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும் என்ற நிலையை எந்த மிச்சத்துக்காகவும் உண்டாக்கக் கூடாது. சிலிண்டர்கள் கொல்லைப்புறத்தில், தரைமட்டத்தில், மேலே கூரையும் பக்கங்களில் கம்பி வலையும் உள்ள திறந்த கூண்டில், சாக்கடையிலிருந்தும் ஜன்னல்களிலிருந்தும் தள்ளி, நிமிர்ந்து நிற்க வேண்டும். அங்கிருந்து உலோகக் குழாய் வெளிச்சுவர் வழியாக வரட்டும், ரப்பர் குழாயில் நீளம் கூட்டக் கூடாது.

ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னதையும் விட்டுவிடக் கூடாது. சிலிண்டருக்குள் எல்பிஜி திரவமாக இருக்கிறது. அது வெளிக்காற்றின் சூட்டை வாங்கித்தான் ஆவியாகும். ஒரு 19 கிலோ சிலிண்டரிலிருந்து தொடர்ந்து எடுத்தால் மணிக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரைதான் நிம்மதியாகக் கிடைக்கும். நான்கில் இரண்டு ஓட, இரண்டு காத்திருக்கும் அமைப்பில் ஒரு மணி நேரத்தில் 3.75 கிலோ இழுத்தால், மார்கழி விடியலில் சிலிண்டரின் கீழ்ப்பாதியில் வெள்ளையாக உறைபனி படிந்து, அழுத்தம் விழுந்து, பர்னர் அணைந்து அணைந்து எரியும். அப்போது வேலையாள் சிலிண்டரின் மேல் வெந்நீரை ஊற்றிச் சூடாக்கப் பார்ப்பார். பல விடுதிகளில் இந்தப் பழக்கம் இருக்கிறது, மிகவும் ஆபத்தானது. சிறிய பர்னரை வைத்து, முன்கூட்டியே மூட்டி, மூன்று மணி நேரம் நிதானமாகக் காய்ச்சுவதே சரி.

பழைய தொட்டியும் புகைபோக்கியும்

பர்னரை மட்டும் மாற்றினால் போதும் என்பது தொட்டி நல்ல நிலையில் இருந்தால்கூட முழு உண்மையல்ல. கேஸ் எரியும்போது டீசலைவிட அதிகமாக நீராவி உண்டாகும். 1 கிலோ எல்பிஜிக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாகப் புகையோடு போகிறது. குளிர்ந்த தகரப் புகைபோக்கியில் அது வியர்த்து, பதினைந்து வருடக் கரியில் ஊறியிருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகித் தகரத்தைத் தின்னும். புகைபோக்கி மூட்டுகளில் தேநீர் நிறத்தில் கறை வழிந்திருந்தால் இப்போதே ஒழுகுகிறது என்று பொருள். உங்கள் புகைபோக்கி, குளியலறை ஜன்னல்கள் திறக்கும், காற்றுக்காக விட்டிருக்கும் அதே இடைவெளியின் வழியாகப் போகிறது என்பதால், அதில் ஒரு மூட்டு விட்டாலும் புகை குளிப்பவர்மீதுதான் போகும். கேஸுக்கு மாறினால் துருப்பிடிக்காத எஃகில் புதிய புகைபோக்கி, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே உயர்த்தி, தனியாக வேண்டும். ஒப்பந்தக்காரரின் மதிப்பீட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

உங்கள் கொழுந்தனார் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் நடந்தது வேறு வேலை. அங்கே குளிருக்காக வீடு முழுவதையும் சூடாக்க நிலவறையில் எண்ணெய்த் தொட்டியும் பாய்லரும் வைத்திருப்பார்கள். கேஸுக்கு மாறுகிறவர்கள் தெருவில் ஏற்கெனவே ஓடும் இயற்கை எரிவாயுக் குழாயிலிருந்து இணைப்பு எடுப்பார்கள், வீட்டில் சிலிண்டர் என்ற பேச்சே வராது. அந்த வாயு காற்றைவிட லேசானது. அங்கும் உள்ளாட்சி அனுமதியும் ஆய்வும் உண்டு. பழைய புகைபோக்கிக்கு உள்உறை போடச் சொல்வார்கள். அவருக்கு இரண்டு நாளாகத் தெரிந்ததற்குப் பின்னால் இத்தனையும் இருந்திருக்கும். அங்கே சில வீடுகளில் தொட்டியை எடுத்துவிட்டு வெளிச்சுவரில் நிரப்புக் குழாயை மட்டும் விட்டுவைக்க, பழைய பட்டியலோடு வந்த லாரிக்காரர் நூற்றுக்கணக்கான லிட்டர் எண்ணெயை நேரே நிலவறைக்குள் கொட்டிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. நீங்கள் மாறினாலும் பழையதை முழுமையாக அகற்றுங்கள். மீதி டீசலும் பேரல்களும் கேஸ் உள்ள இடத்தில் ஒரு நாள்கூட இருக்க வேண்டாம். காலிப் பேரலை வீட்டு வாசலில் வைத்துக் கேஸ் கட்டரால் வெட்ட விடாதீர்கள், காலியான பேரலில் நிற்கும் ஆவி வெடிக்கும்.

குளியலறைக் கீசர் வேண்டாம்

கேஸ் கீசரைக் குளியலறைக்குள் வைக்கும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். மூடிய சிறு குளியலறையில் கேஸ் கீசர் எரிய, குளிக்கப் போனவர் கார்பன் மோனாக்சைடால் மயங்கி விழுந்து இறந்த செய்திகள் நம் நாட்டில் குளிர்காலந்தோறும் வருகின்றன. உங்கள் விருந்தினர்கள் குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடுவார்கள், உள்ளே தாழிட்டுக்கொள்வார்கள். பத்துக் குளியலறைகளைப் பத்துப் பேர் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று உங்களால் கண்காணிக்க முடியாது. புகைபோக்கி வெளியே போகும் மாதிரி என்று ஒப்பந்தக்காரர் சொன்னாலும் என் பதில் இதுதான்.

குழாய் கேஸுக்குக் காத்திருக்கலாமா

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பகுதிகள் நகர எரிவாயு விநியோகத்துக்காக ஒதுக்கப்பட்டவை. ஆனால் உங்கள் தெருவுக்கு எப்போது குழாய் வரும் என்பதை விநியோக நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ப்பேச்சை நம்பித் திட்டமிடாதீர்கள். வருவது இயற்கை எரிவாயு. ஒரே கன அளவில் எல்பிஜிக்கு அதைவிட இரண்டரை மடங்கு வெப்பம் இருப்பதால், ஒன்றுக்கான நாசில் மற்றொன்றுக்குப் பொருந்தாது. புதிதாகப் பர்னர் வாங்கினால் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளக்கூடிய மாதிரியாக வாங்குங்கள். காத்திருப்பதற்கு இதற்கு மேல் காரணம் இல்லை.

நான் என்ன செய்யச் சொல்வேன்

இந்த மாதம் கேஸைப் பற்றி முடிவெடுக்காதீர்கள். பலகையை அகற்றி, பர்னரையும் புகைக் குழாய்களையும் சுத்தம் செய்து, தொட்டிக்கும் வெந்நீர்க் குழாய்களுக்கும் கிளாஸ் வூல் சுற்றி, ஒரு மாதம் டீசல் அளவை நாள்தோறும் குறித்து வாருங்கள். எத்தனை அறைகள் நிறைந்திருந்தன என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பாதி அறைகள் காலியாக இருக்கும் நாளிலும் நீங்கள் 1,000 லிட்டரைக் காய்ச்சிக்கொண்டிருந்தால், மிச்சப்படுத்த வேண்டிய இடம் அதுவும்தான்.

அதன் பிறகு, என் கருத்தில், உங்கள் மகன் சொல்வதுதான் சரியான திசை. வேலூரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மொட்டைமாடியில் 10 சதுர மீட்டர் இடத்தில் 500 லிட்டர் சோலார் வெந்நீர் அமைப்பு வைத்தால் ஆண்டின் பெரும்பகுதியில் தேவையின் பாதியை அது பார்த்துக்கொள்ளும். அறைகள் நிறையத் தொடங்கினால் இன்னொரு 500 லிட்டரைச் சேர்க்கலாம் என்பதால் முதலீட்டுத் தயக்கத்துக்கும் அது ஒத்துவரும். ஐப்பசி, கார்த்திகை மழைநாள்களில் சோலார் வெதுவெதுப்பாகவே நிற்கும். துணைக்கு வேறு ஏதாவது வேண்டும். அதற்கு ஒரு சிறிய கேஸ் ஹீட்டரை மொட்டைமாடியில், இருபுறமும் திறந்த தகரக் கொட்டகையில் வைத்து, சிலிண்டர்களைக் கீழே கொல்லைப்புறக் கூண்டில் வைக்கலாம். காற்று, புகை, படிக்கட்டு ஆகிய மூன்று சிக்கல்களும் ஒரே நேரத்தில் தீர்ந்துவிடும். வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் மின்சார ஹீட் பம்ப்பையும் விசாரியுங்கள். இப்போது நீங்கள் காய்ச்சும் 1,000 லிட்டருக்கே அதற்கு 13 யூனிட்தான் ஆகும். வணிகக் கட்டணத்தில் யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் 130 ரூபாய். வாங்கும் விலை அதிகம், நம் ஊர் உப்புத் தண்ணீருக்கு மென்னீராக்கி இல்லாமல் அது நிலைக்காது. ஆனால் உங்கள் வீட்டில் நெருப்பே இருக்காது என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

எதை வைத்தாலும் தொட்டியில் 60 டிகிரியைக் குறைக்காதீர்கள். 25 முதல் 45 டிகிரி வரை வெதுவெதுப்பாக நிற்கும் நீரில் லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர் பெருகும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது கலந்த நீரின் சாரல் நுரையீரல் காய்ச்சலைத் தரும். ஆனால் 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கும், சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவருக்குச் சுடுவது தெரியாது. குளியலறைக்குப் போகும் இடத்தில் 45 டிகிரிக்குக் கலந்து தரும் வால்வு ஒன்று வையுங்கள்.

கேஸ் ஹீட்டர் வைக்கிறவர் வேலையை முடித்ததும், ஃப்ளூ கேஸ் அனலைசர் கருவியால் புகையை அளந்து, அதில் கார்பன் மோனாக்சைடு 100 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 100 பங்குக்குள்) இருக்கிறது என்று கையெழுத்திட்ட தாளைத் தரச் சொல்லுங்கள், கடைசித் தவணையை அதற்குப் பிறகு கொடுங்கள். ராணிப்பேட்டையில் பாய்லர் உபகரணங்கள் செய்யும் பெல் (பி.எச்.இ.எல்.) ஆலையும், ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் தொழிற்சாலைகளின் பாய்லர்களும் இருக்கும் மாவட்டங்கள் இவை. அந்தக் கருவியோடு வரக்கூடிய ஆளைத் தேடினால் கிடைப்பார். சிலிண்டர் கூண்டருகே தரைக்கு நெருக்கமாக ஒரு கேஸ் கசிவு எச்சரிப்பானும், வேலையாள் கண்ணில் படும்படி 1906 என்ற எல்பிஜி அவசர எண்ணும் இருக்கட்டும்.

பக்கத்து வீட்டாரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். அவர்கள் குறை நியாயமானது. புகையால் தொல்லை என்று வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க அவர்களுக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவாக இருந்தது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் வருகிறது. நோட்டீஸ் வந்துவிட்டால் வழக்கறிஞரைப் பாருங்கள். அதற்கு முன்பாகவே, ஜாலி மூடியிருந்ததால் கரி கூடியது, திறந்துவிட்டோம், இந்த வாரம் மெக்கானிக் வருகிறார் என்று சொல்லி, சுத்தம் செய்த ரசீதின் நகலை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பர்னரைச் சரிசெய்த மறுநாள் காலை அவர்கள் மாடியிலேயே ஒரு வெள்ளைத் துணியைக் காயப்போட்டு, இரு வீட்டாரும் சேர்ந்து பாருங்கள். அப்போதும் கரி விழுந்தால், புகைபோக்கியின் உயரத்தைக் கூட்டும் வேலையைச் சோலாருக்காகக் காத்திருக்காமல் உடனே செய்துவிடுங்கள்.